பின் இருக்கை வரை நடக்காத மாதம்

காலை 9.41. மேசையில் கிடந்த கைப்பேசி ஒரு முறை அதிர்ந்தது. 'உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை. காரணத்தைத் தெரிவிக்கவும்.' பள்ளி அலுவலகத்திலிருந்து வந்த செய்தி.

அதற்கு நேர் மேலே, 8.47க்கு வந்த இன்னொரு செய்தி இருந்தது. 'உங்கள் மகள் பள்ளியில் இறங்கிவிட்டாள்.' இது பள்ளி பஸ்ஸிலிருந்து தானாக வருவது. இதை அனுப்பும் மென்பொருளை எழுதியவள் நான்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, வியப்புதான் வந்தது. ஒரே பிள்ளை ஒரே காலையில் பள்ளியில் இறங்கியும் இருக்கிறாள், பள்ளிக்கு வராமலும் இருக்கிறாள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? புதிர் ஒன்றைக் கண்டால் அதை முதலில் முறைத்துப் பார்ப்பது இருபது வருட உத்தியோகத்தின் பழக்கம். அப்படி முறைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தைக் கழித்தேன். அந்த ஒரு நிமிடத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் தொடரில் சென்ற வாரம், துபாய் கராமாவிலிருந்து அல் ஐனுக்கு வீடு மாற்றி வந்ததோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி இந்த வாரம் கணவர் இங்கே கடை திறந்த கதை வரவேண்டும். அதைத் தள்ளிவைக்கிறேன். இதை இரண்டு முறை எழுதத் தொடங்கி, பாதியில் எழுந்துபோயிருக்கிறேன். மூன்றாவது முறையும் எழுந்துபோனால் பிறகு எழுதவே மாட்டேன்.

நோன்புக் காலைகள்

அது நோன்பின் எட்டாம் நாள். வெயில் இன்னும் முழுதாக ஏறாத மாதம். காலையில் காற்றில் மண்வாசனைகூட இருந்தது.

ஹனாவுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேர் அரை நாள் நோன்பு வைக்கிறார்கள், நானும் வைப்பேன் என்று அடம். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்பச் சொல்லி, எழுந்து, எங்களோடு உட்கார்ந்து நான்கு வாய் சோறும் ஒரு வாழைப்பழமும் தின்றாள். அதன்பிறகு தூங்கு என்றால் தூங்கவில்லை. ஏழே முக்காலுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"உம்மா, பஸ்ல தூங்கலாமா?"

"தூங்கு. ஸ்கூல் வந்தா மிஸ் எழுப்பிவிடுவாங்க" என்றேன்.

மிஸ் என்றது பஸ்ஸில் பிள்ளைகளோடு வரும் பெண்ணை. ஸித்தி என்று பெயர். இலங்கையில் கல்முனைப் பக்கம். பிள்ளைகளை ஏற்றுவது, பெல்ட் போடுவது, இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு.

நோன்பு மாதத்தில் வளைகுடாவில் எல்லாமே சுருங்கும். அலுவலக நேரம் இரண்டு மணி குறையும். பள்ளி ஒன்பதுக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். பஸ்களும் சுருங்கும். மற்ற மாதங்களில் தனித்தனியாக ஓடும் இரண்டு வழித்தடங்களை நோன்பில் சேர்த்துவிடுவார்கள். சின்ன பஸ் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரவுண்டானாவுக்கு அருகே ஒரு காலி இடத்தில் வந்து நிற்கும். அங்கே வேறொரு மிஸ்ஸோடு பெரிய பஸ் காத்திருக்கும். பிள்ளைகள் சின்னதிலிருந்து பெரியதற்கு மாறுவார்கள். பெரியது பள்ளிக்குப் போகும். சின்னது வேலை முடிந்து ஓய்வெடுக்கப் போய்விடும்.

பிள்ளைகள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. ஏறும்போது வாசலில் உள்ள டேப்லட்டில் அட்டையைத் தொடவேண்டும். இறங்கும்போதும் தொடவேண்டும். அவ்வளவுதான் எங்கள் நிறுவனத்தின் சரக்கு. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். அதில் பஸ் பயணங்களைக் கணக்கில் வைக்கும் பகுதி முழுவதும் என் கையெழுத்து.

பெரிய பஸ் காலி

பள்ளிக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு, வகுப்பில் இல்லை, மருத்துவ அறையில் இல்லை, நூலகத்தில் இல்லை என்றாள். வீட்டில் இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கணவருக்கு அடித்தேன். கடை பள்ளியிலிருந்து ஐந்து நிமிடத் தூரம்.

"மச்சான், ஹனா ஸ்கூல்ல இல்லையாம்."

"நீ என்ன புள்ள சொல்றா? மெசேஜ் வந்துச்சே. நானும் பாத்தேன்."

"வந்துச்சு. அந்த மெசேஜ் தப்பு மச்சான்."

"ஒம் மெசேஜ் எப்பவும் தப்பாவாதுன்னுதானே நீ சொல்லுவா?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'எம் பொஞ்சாதி எழுதின மெசேஜ்தான் அது' என்று கைப்பேசியை நீட்டிக் காட்டுகிற மனிதர்.

"பெரிய பஸ் ஸ்கூலுக்குப் பின்னாடிதான் நிக்கும். ஓடுங்க. உள்ள ஏறிப் பாருங்க" என்றேன்.

பத்து மணிக்கு என்று இருந்த கூட்டத்துக்காக ஷிபு என் அறைக்கு வந்தான். திருச்சூர்க்காரன். டிரைவர்கள், பள்ளிகள் எல்லோருடைய புகாரையும் போனில் வாங்குவது அவன் வேலை. என் முகத்தைப் பார்த்து, "எந்தா சேச்சி?" என்றவன், பதில் சொல்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினான். பிறகு எனக்கு நோன்பு என்பது நினைவுக்கு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

9.56க்குக் கணவர் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"யாருமே இல்ல நூரு. ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலயும் பாத்துட்டேன். ஒரு ஹேர்பேண்டு கெடக்கு. அது நம்ம புள்ளயோடது இல்ல."

அப்போதுதான் பயம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபோது எதிரே திரை இருந்தது. வேறு எதுவும் தெரியாததால், எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். நான் எழுதியதைத் திறந்தேன்.

திருச்சிக் கல்லூரியில் ஒரு மத்தியானம்

கணினி பக்கமே போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விலகிச் சொல்கிறேன். இது தெரியாமல் அன்று நடந்தது புரியாது.

ஜாவா என்ற மொழியில் கிளாஸ் என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் என்னென்ன செய்யும் என்று எழுதிவைக்கும் வரைவு. என்னிடம் 'பயணம்' என்று ஒரு கிளாஸ். அதற்கு நான்கு வேலைகள்: தொடங்கு, ஏற்று, இறக்கு, முடி. இப்படிப்பட்ட வேலைகளுக்கு மெத்தட் என்று பெயர். காலைப் பயணம், மாலைப் பயணம், உல்லாசப் பயணம் எல்லாம் 'பயணத்தின்' பிள்ளைகள். பிள்ளைக்கு எதையும் புதிதாக எழுதத் தேவையில்லை. தாயிடம் உள்ள நான்கும் தானாக வந்துசேரும்.

பிள்ளைக்குத் தாயின் வழி ஒத்துவரவில்லை என்றால், அதே பெயரில் தன் வழியை எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் போய் 'முடி' என்றால், அது தன் வழியில்தான் முடிக்கும். இதைத்தான் ஓவர்ரைடு என்கிறோம். தாயின் மெத்தட்டை மேலெழுதிவிடுவது.

திருச்சிக் கல்லூரியில் நாய், பூனை, குரைக்கும், கத்தும் என்று எங்களுக்கு இதைப் பலகையில் எழுதிப்போட்டார்கள். எல்லோரும் குறித்துக்கொண்டோம். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்தியது. ஆய்வகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த வளர்மதியிடம் கேட்டேன்.

"அப்ப அம்மாவோடது எங்கடி போகும்?"

"எங்கயும் போகாது. அங்கயேதான் கெடக்கும். யாரும் கூப்பிடமாட்டாங்க, அவ்ளோதான்."

"அய்யோ, பாவம்டி."

"ஒனக்குப் பாவமா இருந்தா நீயே கூப்பிட்டுக்கோ. சூப்பர்னு போட்டுக் கூப்பிட்டா அம்மாவோடதும் ஓடும். ஆனா நீதான் கூப்பிடணும். அது தானா வராது."

"மறந்துட்டா?"

"மறந்துட்டா ஒண்ணும் ஆகாது. எரர்கூட வராது. போடி, மார்க் வாங்குற வழியைப் பாரு."

தேர்வில் அந்தக் கேள்வி பத்து மதிப்பெண்ணுக்கு வந்தது. ஒன்பது வாங்கினேன். ஒரு மதிப்பெண் எதற்குப் போனது என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட பெண் நான்.

பேரீச்சம்பழப் பெட்டி

எங்கள் மென்பொருள் பஸ்களில் ஓடத் தொடங்கிய முதல் நோன்பில் ஷிபுவின் போன் காலையிலிருந்து ஓயவில்லை.

அப்போது 'பயணம்' கிளாசில் 'முடி' என்ற மெத்தட் இரண்டு காரியம் செய்தது. ஏறினவர், இறங்கினவர் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும். ஒத்துப்போகாவிட்டால் டேப்லட் கத்தும்.

நோன்பில் பிள்ளைகள் நடுவழியில் பஸ் மாறுகிறார்கள் அல்லவா? சின்ன பஸ்ஸில் ஏறினவர்கள் அதில் இறங்குவதாகக் கணக்கில் வருவதே இல்லை. பெரிய பஸ்ஸில் ஏறாதவர்கள் அதிலிருந்து இறங்குகிறார்கள். எல்லா டேப்லட்டும் கத்தியது. டிரைவர்கள் நோன்பு வைத்துக்கொண்டு, தலைவலியோடு, 'பந்த் கரோ பாய், இதை நிறுத்து பாய்' என்று கெஞ்சினார்கள்.

ஒரே மத்தியானத்தில் 'ரமலான் பயணம்' என்று ஒரு பிள்ளை கிளாசை எழுதினேன். அதில் 'முடி'யை மட்டும் மேலெழுதினேன். இரண்டு பஸ்களின் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்து, மொத்தமாக எண்ணு. ஒத்துப்போனால் செய்தி அனுப்பு. சூப்பர் போட்டுத் தாயைக் கூப்பிட்டால் பழைய எண்ணிக்கையும் ஓடி மறுபடி கத்தும். அதனால் கூப்பிடவில்லை. அன்றைக்கு அது சரியான முடிவு. இதை எனக்காக வாதாடிச் சொல்லவில்லை. அப்போது தாயிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் அமைதி. டிரைவர்கள் சேர்ந்து அலுவலகத்துக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்பினார்கள். அட்டையில் கோணலான ஆங்கிலத்தில் 'சிஸ்டருக்கு' என்று எழுதியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஊரில் ஒரு பிள்ளை பஸ்ஸில் தூங்கிப்போய், யாரும் கவனிக்காமல் உள்ளேயே இருந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி இருக்கைக்குப் பின்னால் சுவரில் ஒரு பொத்தான் வைத்தோம். எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், பயணம் முடியும்போது டேப்லட் கத்தும். யாராவது பின் இருக்கை வரை நடந்துபோய் அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் அடங்கும். நடந்து போகிறவர் இருபுறமும் பார்க்காமலா போவார்?

"எத்தனை எடத்துல மாத்தணும் சேச்சி?" என்று கேட்டான் ஷிபு.

"ஒரே எடம். தாய்ல போட்டாப் போதும். எல்லாப் பிள்ளைக்கும் தானா வந்துடும்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா. கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் தலையை ஆட்டி ரசித்தார்கள். காலைப் பயணத்தில் சோதித்தோம், கத்தியது. மாலைப் பயணத்தில் கத்தியது. உல்லாசப் பயணத்தில் கத்தியது. ஸித்தியையும் மற்றப் பெண்களையும் அலுவலகத்துக்கு வரவழைத்து நானே பழக்கிக்கொடுத்தேன்.

நோன்பு முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. 'ரமலான் பயணம்' எங்கோ உறங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் பதினொரு மாதம் உறங்கும் ஒரு பிள்ளையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெற்றவளுக்கும் வரவில்லை.

இரண்டு பஸ்ஸுக்கு நடுவே

பத்து மணி இரண்டு நிமிடம். திரையில் நான் எழுதிய 'முடி'.

ஹனாவின் அட்டை 7.58க்குச் சின்ன பஸ்ஸில் ஏறியிருக்கிறது. 8.46க்குப் பெரிய பஸ்ஸிலிருந்து பள்ளியில் இறங்கியிருக்கிறது. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. கணக்கு நேர். செய்தி போய்விட்டது.

நடுவில், ரவுண்டானாவில், ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு அவள் நடந்தாளா? அதை இந்த நிரல் கேட்கவே இல்லை. நான் கேட்கச் சொல்லவில்லை.

"ஷிபு, பஸ் மாறும்போது அட்டையெல்லாம் யார் கையில இருக்கும்?"

அவன் தயங்கினான். "பிள்ளைங்க கழுத்துலதான் இருக்கணும். ஆனா நோம்புல எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துல ஸ்கூல் கேட்டுக்கு வரும், வரிசையாயிட்டு நிக்கும். சமயம் லாபம்னு சின்ன பஸ்லயே அட்டையெல்லாம் கழட்டி, ஒரு ரப்பர்பேண்ட் போட்டு, பெரிய பஸ் மிஸ் கையில கொடுத்துடுவாங்க. அவங்க கேட்டுல டிக் டிக் டிக்னு எல்லாத்தையும் தொட்டுடுவாங்க."

"ஒனக்கு இது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சேச்சி. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அட்டை பஸ் மாறியிருக்கிறது. பிள்ளை மாறவில்லை. அவள் சின்ன பஸ்ஸில் இருக்கிறாள்.

சின்ன பஸ் ரவுண்டானாவிலேயே பயணத்தை முடித்திருக்கிறது. நேரம் 8.21. பின் இருக்கைப் பொத்தான் அழுத்தப்பட்டதா என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கேள்வியே கேட்கப்படவில்லை. பொத்தானைப் பற்றிய அந்த வரிகள் தாயிடம் பத்திரமாக இருந்தன. யாரும் கூப்பிடவில்லை.

டேப்லட் அணைவதற்கு முன் கடைசியாக இருந்த இடம் வரைபடத்தில் தெரிந்தது. சனாயா. ஊரின் தொழிற்பேட்டை. டிரைவர்களும் பஸ்ஸில் வரும் பெண்களும் தங்கும் கேம்ப்புகளுக்குப் பின்னால் உள்ள திறந்த மைதானம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாக அங்கே நிற்கிறது.

கணவரிடம் சொன்னேன். "சனாயாவா? அது அந்தக் கோடியில்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பள்ளியிலிருந்து எப்படி ஓட்டினாலும் இருபத்தைந்து நிமிடம்.

டிரைவர் குல் கானின் எண்ணுக்கு ஷிபு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நோன்பில் காலை டிரிப் முடிந்ததும் டிரைவர்கள் மத்தியானம் வரை தூங்குவார்கள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஸித்தியின் எண்ணை ஷிபு ஒரு பழைய பட்டியலிலிருந்து தேடி எடுத்தான். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஸித்தி, நான் ஹனாவோட உம்மா பேசுறேன். புள்ள ஸ்கூலுக்குப் போகல. பெரிய பஸ்ஸுலயும் இல்ல."

"இல்லயே மேடம், எல்லாரையும் நான்தானே ஏத்தின. அட்டையும் சரியா இருந்திச்சி, பதினொண்டு..."

"புள்ளைங்களை எண்ணுனீங்களா, அட்டையை எண்ணுனீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம். கதவு. செருப்பில்லாத கால்கள் படியில் தடதடவென்று இறங்கும் சத்தம். அது தூரமாகிப் போனது. போன் அறையிலேயே கிடந்தது என்று புரிந்தது. நான் காதிலிருந்து எடுக்கவில்லை. யாரோ ஒருவரின் அறையில் மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி

அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

ஜன்னல் ஓரமாகப் போய்க் கையைக் கண்ணாடியில் வைத்தேன். சுட்டது. கொதிக்கவில்லை, சுட்டது. மாதம் மார்ச்சா மேயா என்பதில் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது என்று தோன்றியதும் கையை எடுத்துவிட்டேன்.

கணவர் அழைத்தார். இரண்டு லாரிகளுக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்னார். "துவா கேளு நூரு" என்றார். கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. வார்த்தைகள் வரிசை மாறி வந்தன.

பிறகு மீண்டும் திரைக்கு வந்து உட்கார்ந்தேன். ஷிபுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்ப எதுக்கு சேச்சி கோடிங்? வாங்க, டாக்ஸி பிடிக்கலாம்."

"அவர் போயிட்டிருக்காரு. ஒண்ணரை மணிக்கு எல்லா பஸ்ஸும் மறுபடி ஓடும் ஷிபு. எல்லாத்துலயும் இதுதான் இருக்கு."

இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். தாயின் 'முடி'யில் எண்ணிக்கை ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம் என்று பிரித்தேன். எண்ணும் வழியை மட்டும் ரமலான் பிள்ளை மாற்றிக்கொள்ளலாம். பின் இருக்கை வரை நடப்பதை எந்தப் பிள்ளையும் மேலெழுத முடியாதபடி பூட்டினேன். அதற்கு ஜாவாவில் ஒரே ஒரு சொல் போதும். மெத்தட்டுக்கு முன்னால் ஃபைனல் என்று போட்டால் யாராலும் தொட முடியாது. கல்லூரி நாளிலிருந்தே அந்தச் சொல் எனக்குத் தெரியும். போடத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் இன்றும் எனக்கு அதிசயம். என் பழைய 'முடி'க்கு மேலே, ஒழுங்காக, இது ஓவர்ரைடு என்று ஒரு குறிப்பு போட்டிருந்தேன். நல்ல புரோகிராமர்கள் போடுவார்கள். அப்படிப் போட்டால், மேலெழுதுவதற்குத் தாயிடம் உண்மையிலேயே அப்படி ஒரு மெத்தட் இருக்கிறதா என்று, நிரலை மொழிமாற்றிச் சரிபார்க்கும் கம்பைலர் பார்த்துச் சொல்லும். ஒவ்வொரு முறையும் அது பார்த்தது. இருக்கிறது, சரி என்றது. தாய் அதற்குப் பிறகு ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டாளா என்று மட்டும் அது கேட்காது. அது அதன் வேலை இல்லை.

பிழை என்று எதுவும் இல்லாத நிரல் அது. பள்ளி பிறகு அறிக்கை கேட்டபோது, 'பிள்ளைகளை எண்ணாமல் அட்டைகளை எண்ணிய ஊழியர்' என்று யாரோ தயாராக ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பெரிய மனது என்று சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அன்று பத்து நாற்பதுக்கு என் காதில் விழுந்ததை அவர்கள் கேட்டிருந்தால் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பத்து நாற்பது

கீழே தெருவில் ஒரு ஹாரன் நீளமாக அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

ஷிபு ஜன்னலுக்கு ஓடினான். "சேச்சி, சின்ன பஸ்! சின்ன பஸ் இவிடே வந்நு!"

டேப்லட் வாங்க, கொடுக்க என்று எல்லா டிரைவர்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து போனவர்கள். என் எண் அவர்களிடம் இல்லை, ஷிபுவைக் கூப்பிடவும் தோன்றவில்லை போலும். இடம் மட்டும் தெரியும்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. நான்கு மாடி. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

பஸ் நடுத்தெருவில் நின்றது. பின்னால் கார்கள் கத்திக்கொண்டிருந்தன. குல் கான் இறங்கி நின்றார். தூங்கி எழுந்த முகம், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஸித்தி இறங்கினார். காலில் செருப்பில்லை. இடுப்பில் ஹனா. தூக்கும் வயதைத் தாண்டிய பிள்ளை, கால்கள் ஸித்தியின் முழங்கால் வரை தொங்கின. முடியெல்லாம் வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னத்தில் இருக்கைத் துணியின் கோடுகள் அப்படியே பதிந்திருந்தன. கண் திறந்திருந்தது.

"உம்மா" என்றாள் என்னைப் பார்த்து. "ஸ்கூல் முடிஞ்சிருச்சா? நான் ஃபுல்லா ஸ்லீப் பண்ணிட்டேன்."

வாங்கினேன். உடம்பு சூடாக இருந்தது, காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைப் போல. ஆனால் என் கழுத்தைச் சுற்றிய கைகளில் பலம் இருந்தது. அந்தப் பலத்தை அளந்து அளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு ஷிபு எப்போது இறங்கிவந்தான் என்று தெரியவில்லை. கையில் இன்னும் அதே டம்ளர். ஹனா அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

ஸித்தி அழவில்லை. நான் கத்துவேன் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு அவரே பேசினார். சமாதானம் சொல்கிற குரலில் இல்லை. அவருக்கும் ஒன்று விளங்கவில்லை, அதை என்னிடம் கேட்கிறார் என்ற குரலில்.

"மேடம், மத்த மாசமெல்லாம் இந்தப் பொட்டி கத்தும். கத்தினா நான் பின்னுக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வாற. சத்தம் நிண்டா வேல முடிஞ்சிது எண்டு நீங்கதானே எங்களுக்குப் பழக்கித் தந்த? நோம்பு தொடங்கின நாள்ல இருந்து இது கத்தவே இல்ல. நோம்புல எல்லாருக்கும் ட்யூட்டி குறைவுதானே மேடம். இதுக்கும் குறைச்சிட்டீங்க எண்டு நெனச்சம்."